ஒரு நாடு ஓர் எண்ணாகும்போது

தமிழ்நாட்டின் கடற்கரை எவ்வளவு நீளம்? மாநில அரசின் ஆவணங்கள் 1,076 கிலோமீட்டர் என்கின்றன. மத்திய அரசின் பழைய கணக்கு 906.9. மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கை 1,068.69 என்கிறது. அதே அறிக்கையில் இந்தியா முழுமைக்குமான கடற்கரை 7,516.6 கிலோமீட்டரிலிருந்து 11,098.81 ஆக ஒரேயடியாக நீண்டுவிட்டது. கடல் உள்வாங்கிப் புது நிலம் எதுவும் எழுந்துவிடவில்லை. பழைய அளவீட்டின்போது கையிலிருந்த வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 45 கிலோமீட்டர். இப்போதைய வரைபடத்தில் அதே ஒரு சென்டிமீட்டர் இரண்டரை கிலோமீட்டர். முன்பு ஒரே கோடாக இழுத்துவிட்ட இடத்தில் இப்போது முகத்துவாரமும் உப்பங்கழியும் ஓடையும் தெரிகின்றன. அவற்றின் வளைவு நெளிவுகளும் கணக்கில் ஏறிவிட்டன. இன்னும் நுணுக்கமான வரைபடம் வந்தால் கரை இன்னும் நீளும்.

அப்படியானால் உண்மையான நீளம் எது?

இந்த இடத்தில் தடுக்கி நின்று யோசித்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். அவர் நில அளவைக்காரர் இல்லை. எல்லைகள் அதிகமுள்ள நாடுகள் அதிகம் சண்டை போடுகின்றனவா என்று தெரிந்துகொள்ள நாடுகளின் எல்லை நீளங்களைச் சேகரித்தார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலுள்ள எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீட்டர் என்றும் மற்றோரிடத்தில் 1,214 என்றும் இருந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லையிலும் இதே குளறுபடி: 380, 449. யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்று விட்டுவிடாமல், கவராயத்தை எடுத்து, கால்களை அகட்டியும் குறுக்கியும் வரைபடத்தின் மேல் நடக்கவிட்டுப் பார்த்தார். கால் குறுகக் குறுக நீளம் கூடியது. அதுவும் ஓர் ஒழுங்கோடு கூடியது. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1961-இல்தான் அது அச்சேறியது. 1967-இல் கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட் அதை எடுத்துப் பேசிய பிறகே உலகம் கவனித்தது.

அசையாமல் கிடக்கும் கரைக்கே இந்தக் கதி. நொடிக்கு நொடி மாறும் காற்றையும் கொள்ளைநோயையும் மனிதக் கூட்டத்தையும் எவ்வளவு நுணுக்கமாகச் சொன்னால் உண்மையைச் சொன்னதாகும்? துகள் துகளாகச் சொல்வதுதான் மெய்யா? ‘மேகம்’, ‘நாடு’, ‘நான்’ என்று மொத்தமாகச் சொல்வதெல்லாம் பேச்சு வசதிக்காகத்தானா? தத்துவத்தில் இது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய வழக்கு. ரிச்சர்ட்சனின் வாழ்க்கை அந்த வழக்குக்குச் சில விசித்திரமான சாட்சியங்களைச் சேர்த்திருக்கிறது.

அவர் 1881-இல் நியூகாசிலில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். குவேக்கர்கள் கிறித்தவர்களில் ஒரு சிறு பிரிவினர். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. அதனால் ஆயுதம் தொடமாட்டார்கள். முதல் உலகப் போரின்போது ரிச்சர்ட்சன் ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்முயர் வானிலை ஆய்வகத்தில் நல்ல வேலையில் இருந்தார். 1916-இல் அதை விட்டுவிட்டு, குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் ஓட்டுநராகச் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். அடிபட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களை ஏற்றி இறக்குவது பகல் வேலை, இரவு வேலை எல்லாம். ஓய்வு கிடைத்த நேரத்தில், தங்குமிடத்தில் கிடந்த வைக்கோல் குவியலே மேசையாக, அவர் ஒரு கணக்குப் போட்டார். மனித வரலாற்றில் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்த்து வானிலையை முன்கூட்டிச் சொல்ல நடந்த முதல் முயற்சி அது.

எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20. அன்றைக்கு ஐரோப்பாவின் பல இடங்களில் பலூன் விட்டு மேல்காற்றை அளந்திருந்ததால் தரவு இருந்தது. வளிமண்டலத்தை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகவும் ஐந்து அடுக்குகளாகவும் வெட்டினார். காற்றின் வேகம், அழுத்தம், ஈரம், வெப்பம் என்று தெரிந்த அத்தனை விதிகளையும் உள்ளே போட்டார். காலை ஏழு மணியை நடுவாகக் கொண்ட ஆறு மணி நேரத்தில் மியூனிக் அருகே அழுத்தம் எவ்வளவு மாறும் என்பது மட்டும்தான் கேள்வி. அந்த ஆறு மணி நேரத்துக்கான கணக்கு ஆறு வாரங்களை விழுங்கியது. நடுவில் 1917-இல் ஷம்பாஞ் போரின்போது கையெழுத்துப் பிரதி தொலைந்துபோய், சில மாதங்களுக்குப் பிறகு பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது.

விடை: 145 ஹெக்டோபாஸ்கல் உயர்வு. உண்மையில் அன்று அங்கே அழுத்தம் ஏறத்தாழ அசையவே இல்லை. ஒரு பெரும்புயலின் கண்ணில்கூட அழுத்தம் இயல்பைவிட நூறு ஹெக்டோபாஸ்கல் குறைவது அபூர்வம். வேறு யாராக இருந்தாலும் கணக்கைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். ரிச்சர்ட்சன் 1922-இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தத் தப்பு விடையை முழுசாக, படிப்படியாக அச்சிட்டார். அதே புத்தகத்தில், 64,000 பேர் ஒரு பெரிய வட்ட அரங்கில் உட்கார்ந்து உலக வானிலையைக் கணக்கிடுவதாக ஒரு கற்பனையும் உண்டு. நடுத்தூணில் நிற்கும் தலைவர், முந்தி ஓடுகிறவர்கள் மீது சிவந்த வெளிச்சமும் பிந்துகிறவர்கள் மீது நீல வெளிச்சமும் அடித்து எல்லோரையும் ஒரே வேகத்தில் ஓட்டுவாராம்!

ஏன் தப்பியது? விதிகளில் பிழையில்லை. காற்றுமண்டலத்தில் இரண்டு வகை அசைவுகள் ஒன்றாக நடக்கின்றன. மழையையும் வெயிலையும் கொண்டுவரும் பெரிய அமைப்புகள் மெதுவாக, நாள் கணக்கில் நகர்பவை. அவற்றுக்கு நடுவே ஈர்ப்பலைகள் எனப்படும் வேகமான அலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இயற்கையில் அவை சின்னவை, நாளைய வானிலைக்கு அவற்றால் பெரிய பாதிப்பு கிடையாது. ஆனால் பலூன் அளவீட்டில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் பொருந்தாமல் போனால், சமன்பாடுகள் அந்தப் பொருத்தமின்மையைப் பூதாகரமான அலையாகக் காட்டும். எல்லாவற்றையும் பார்க்கும் கணக்கு, பார்க்க வேண்டாததையும் சேர்த்துப் பார்த்துவிட்டது.

1940-களின் இறுதியில் அமெரிக்காவில் வானிலையியலாளர் ஜூல் சார்னி கண்ட வழி, நுணுக்கத்தைக் கூட்டுவதாக இல்லாமல் குறைப்பதாக இருந்தது. வேகமான அலைகள் எழவே இடமில்லாதபடி சமன்பாடுகளை மொட்டையடித்தார். ரிச்சர்ட்சனின் ஐந்து அடுக்குகள் போய், வளிமண்டலம் முழுதும் ஒரே அடுக்காயிற்று. ஈரம் போயிற்று, வெப்பப் பரிமாற்றம் போயிற்று. 1950 வசந்தத்தில் மேரிலாந்தின் ஆபர்டீனில் இருந்த எனியாக் கணினியில் சார்னியும் ரக்னர் ஃபியோர்டாஃப்டும் ஜான் வான் நாய்மனும் அதை ஓட்டினார்கள். 24 மணி நேர முன்கணிப்புக்குக் கணினி ஏறத்தாழ 24 மணி நேரம் எடுத்துக்கொண்டது. மழை என்றால் என்னவென்றே தெரியாத அந்த மாதிரி, நடுவானின் காற்றோட்டத்தைப் பெருமளவு சரியாகச் சொன்னது.

முடிவுகளைச் சார்னி, ஸ்காட்லாந்தில் ஓய்விலிருந்த ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார். ரிச்சர்ட்சன் பாராட்டிவிட்டு, ஒரு பரிசோதனையும் செய்தார். எனியாக் போட்ட நான்கு முன்கணிப்புகளுக்கும் உரிய படங்களை மனைவி டாரதியின் முன் வைத்தார். முதல் நாள் வரைபடம் ஒருபுறம், கணினி கணித்த வரைபடம் மறுபுறம். மறுநாள் உண்மையில் இருந்த நிலைக்கு எது நெருக்கமாக இருக்கிறது? ‘நாளையும் இன்றைப் போலத்தான் இருக்கும்’ என்று சோம்பேறி ஒருவன் சொல்வதைவிடக் கணினி ஒசத்தியா என்பதுதான் கேள்வியின் சாரம். டாரதியின் தீர்ப்பு கணினிக்குச் சாதகமாக வந்தது, ஆனால் மயிரிழையில்.

இதில் தத்துவவாதிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 1814-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ், எல்லாத் துகள்களின் இடத்தையும் அவற்றின் மீதான விசைகளையும் அறிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலம் முழுதும் திறந்த புத்தகம் என்று எழுதினார். அந்தப் பார்வையில் சார்னியின் ஒற்றை அடுக்கு ஒரு பாமரச் சுருக்கம், அவ்வளவே. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அவைதான் மெய், ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்பது மனிதர்கள் வைத்துக்கொண்ட பெயர். இருக்கலாம். ஆனால் லாப்லாஸின் அந்தச் சர்வஞானியிடம் ‘நாளை மழை வருமா?’ என்று கேட்டால், அது என்ன செய்யும்? மூலக்கூறுகளின் பட்டியலில் மழை என்ற சொல் இல்லை. எந்தெந்த மூலக்கூறுகள் எப்படிக் கூடினால் அதை மழை என்பது என்று யாராவது மேல் தளத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாக வேண்டும். கேள்வி பிறந்த தளத்தில்தான் விடையும் இருக்க முடியும்.

பௌத்தர்கள் இந்த வழக்கில் நுணுக்கத்தின் பக்கம் நின்றவர்கள். கிரேக்க வழிவந்த மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நடந்த உரையாடலில், தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமில்லை என்று முடித்து, இவையெல்லாம் கூடியிருக்கையில் வழங்கும் பெயர் மட்டுமே தேர் என்று நாகசேனர் நிறுவுகிறார். ‘நாகசேனன்’ என்ற ஆளும் அப்படித்தான். அபிதம்ம மரபு இதைக் கூர்மையாக்கி, கணந்தோறும் தோன்றி மறையும் தம்மங்கள் என்ற அடிப்படைக் கூறுகளே பரமார்த்தம், ஆள் என்பது வழக்கு மொழி என்று இரண்டு உண்மைகளாகப் பிரித்தது. மிக நுணுக்கமான வருணனைக்கே மெய்ப்பட்டம்.

தமிழில் இதற்குக் காட்டமான மறுப்பு உண்டு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு எதிராக எழுந்த சமணக் காப்பியமான நீலகேசி, பௌத்தரின் கணபங்கக் கொள்கையை இழுத்து வைத்துக் கேள்வி கேட்கிறது. கணந்தோறும் புதிய ஆள் என்றால், வினை செய்தவன் ஒருவன், பயனை அனுபவிப்பவன் இன்னொருவன் என்றாகும். பிறகு அறமேது, வீடுபேறு ஏது? பௌத்தர்களிடம் பதில் இல்லாமல் இல்லை. இரவு முழுதும் எரியும் சுடர் போலத் தொடர்ச்சி போதும் என்பார்கள். ஆனால் நீலகேசியின் கேள்வி குறிவைக்கும் இடம் முக்கியமானது. பொறுப்பு என்ற ஒன்றை மிக நுணுக்கமான தளத்தில் தேடினால் கிடைக்காது. அது கொஞ்சம் மேலே, ஆள் என்ற தளத்தில்தான் அகப்படும்.

சமணர்களின் சொந்த விடை நயவாதம். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழு நயங்களை, அதாவது பார்வைகளை, எண்ணுகிறது. அவற்றுள் சங்கிரக நயம் பொருள்களை இனமாக, ஒன்றாகப் பார்க்கும். வியவகார நயம் அன்றாட வேலைக்கு வேண்டிய அளவு பிரித்துப் பார்க்கும். ருஜுசூத்திர நயம் இந்தக் கணத்து நிலையை மட்டும் பார்க்கும். மூன்றும் செல்லும். ஒன்று மற்றவற்றை மறுத்துத் தன்னை மட்டுமே மெய்யென்று சொல்லும்போதுதான் அது நயாபாசம், அதாவது போலிப் பார்வை ஆகிறது. பெருந்தன்மையான கொள்கைதான். ஒரு குறையும் உண்டு: எல்லாப் பார்வைக்கும் இடம் கொடுத்துவிட்டு அது நின்றுவிடுகிறது. 1950-இல் சார்னிக்குத் தேவைப்பட்டது, இந்தக் கேள்விக்கு எதையெதை விட்டுவிடலாம் என்று துணிந்து சொல்வது. அது தத்துவத்திலிருந்து வரவில்லை. அலைகளைப் பற்றிய அறிவிலிருந்து வந்தது.

சென்னை வானிலை மையத்தின் அறிக்கையைக் கேட்பவர்களுக்கு இந்தத் துணிவின் அன்றாட வடிவம் தெரியும். ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்புள்ளது.’ கேலி செய்யாத ஆள் கிடையாது. அம்பத்தூரில் கொட்டித் தீர்க்கும், மயிலாப்பூரில் ஒரு பொட்டுகூட இருக்காது. ஆனால் அந்தச் சொல் மழுப்பல் இல்லை, வரையறை. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால்தான் ‘ஓரிரு இடங்கள்’. அதற்கு மேலே ‘ஒரு சில’, ‘அநேக’ என்று படிகள் போகின்றன. 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்த, புனேயில் உருவான பாரத் முன்கணிப்பு அமைப்பின் கட்டமே ஆறு கிலோமீட்டர் பக்கம் கொண்டது. ஒரு சாதாரண இடிமேகம் அதற்குள் ஒடுங்கிவிடும். கட்டத்துக்குள் மேகங்கள் இருக்கும் என்று மாதிரிக்குத் தெரியும், எந்தத் தெருவுக்கு மேலே என்று தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாத நாணயம் ‘ஓரிரு’வில் இருக்கிறது.

கட்டத்துக்குள் ஒளிந்திருப்பதை என்ன செய்வது என்பதிலும் ரிச்சர்ட்சன்தான் முன்னோடி. பெரிய சுழல்கள் சிறு சுழல்களுக்கும், அவை இன்னும் சிறியவற்றுக்கும் ஆற்றலைக் கைமாற்றிக்கொண்டே போவதாக அவர் கண்டார். ஒரு புகைத்திரள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு ஒற்றை விடை கிடையாது என்று 1926-இல் காட்டினார். திரள் பெரிதாகப் பெரிதாகப் பரவும் வேகமும் கூடும். 1948-இல் கடலியலாளர் ஹென்றி ஸ்டாமலுடன் சேர்ந்து லாக் லாங் என்ற கடல் ஏரியில் பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை ஜோடி ஜோடியாகப் போட்டு, அவை விலகும் வேகத்தை அளந்தார். பார்ஸ்னிப் எதற்கு? கண்ணுக்குத் தெரியும்படி மிதக்கும், ஆனால் நீர்மட்டத்துக்கு மேல் தலைதூக்காததால் காற்று அதைத் தள்ளாது.

இந்த ஆராய்ச்சிக்கு நடுவில் ஒரு கசப்பும் உண்டு. வானிலைத் துறை விமானப் படை அமைச்சகத்தின் கீழே போனதும், 1920-இல் அவர் வேலையை விட்டார். பிறகு, காற்றில் பொருள்கள் பரவுவதைப் பற்றிய தன் ஆராய்ச்சியில் அதிக அக்கறை காட்டுபவர்கள் விஷவாயு நிபுணர்கள் என்று தெரியவந்தது. அச்சேறாத வேலைகளை அழித்துவிட்டு, அந்தத் துறையிலிருந்தே ஒதுங்கினார் என்று டாரதி எழுதியிருக்கிறார். சமன்பாட்டுக்குப் பரவுவது புகையா, வாயுவா என்ற பேதம் இல்லை. அந்த வருணனையின் பலமே அந்தப் பேதத்தை விட்டுவிட்டதுதான்.

பிறகு அவர் எடுத்துக்கொண்ட பொருள் போர். இங்கேதான் கேள்வி உண்மையிலேயே நெருக்குகிறது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்று நம்பும் ஒருவர், கோடிக்கணக்கான மனிதர்கள் வாழும் ஒரு நாட்டை ஒற்றை எண்ணாக எழுதினார். இரு தரப்பு. ஒரு தரப்பின் படைச்செலவு, எதிர்த் தரப்பின் படைபலத்தைக் கண்ட பயத்தால் கூடும், தன் சொந்தச் சுமையின் அலுப்பால் குறையும், பழைய மனக்குறையால் கொஞ்சம் ஏறும். இவ்வளவுதான் சமன்பாடு. பயத்தின் வேகம் அலுப்பை மிஞ்சினால் இரு தரப்பும் கட்டுக்கடங்காமல் ஆயுதம் குவிக்கும். 1909 முதல் 1913 வரை ஒருபக்கம் பிரான்சும் ரஷ்யாவும், மறுபக்கம் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் செலவிட்டதைப் புள்ளியாக இட்டபோது, அவை ஏறக்குறைய நேர்கோட்டில் விழுந்தன. நான்கே நான்கு புள்ளிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை வைத்து ஒரு போரை விளக்கிவிட்டோம் என்று சொல்வது அதிகப்படி.

மன்னர், மந்திரி, பத்திரிகை, பேரணி, சரயேவோவின் துப்பாக்கி எதுவும் அந்தச் சமன்பாட்டில் இல்லை. மனித விருப்பத்துக்கு இடமே இல்லையா என்ற கேள்வி எழும் என்று ரிச்சர்ட்சனுக்குத் தெரியும். அவர் சொன்ன பதிலின் சாரம் இது: மனிதர்கள் நின்று யோசிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதைத்தான் சமன்பாடு வருணிக்கிறது. காற்றுக்கும் நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. காற்று தன்னைப் பற்றிய முன்கணிப்பைப் படிப்பதில்லை. மூலக்கூறுகளைக் கூட்டிச் சராசரியாக்கினால் எந்த மூலக்கூறும் விழித்துக்கொண்டு திசை மாறாது. அதனால் காற்றில் எந்த நுணுக்கம் போதும் என்பது கேள்வியைப் பொறுத்த விஷயமாக மட்டும் இருக்கிறது. மனிதர்களின் விஷயத்தில், தாங்கள் எப்படி வருணிக்கப்பட்டிருக்கிறோம் என்பதை வருணிக்கப்பட்டவர்கள் படித்துவிட முடியும். படித்தவர்கள் நின்று யோசித்தால் சமன்பாடு பொய்க்கும். அது பொய்க்க வேண்டும் என்றுதான் அந்தக் குவேக்கர் அதை எழுதினார். ஒரு கணிப்பாளர் தன் சூத்திரம் தோற்க வேண்டும் என்று விரும்புவது அறிவியலில் அரிய காட்சி.

அந்த விருப்பத்துக்கு மறுமுனையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதை ரிச்சர்ட்சனின் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. ‘நாடு பயந்தது, நாடு எதிர்வினையாற்றியது’ என்ற தளத்திலேயே பேசிப் பழகினால், கையெழுத்திட்டவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகும். விஷவாயுவில் அவரைத் துரத்திய பேதமின்மை இங்கேயும் வந்து நிற்கிறது. நீலகேசி பௌத்தரைக் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட்டு இங்கே கேட்கலாம். மிக நுணுக்கமான தளத்தில் வினை செய்தவன் காணாமல் போவதைப் போலவே, மிகத் திரண்ட தளத்திலும் அவன் காணாமல் போகிறான்.

இதற்கு ரிச்சர்ட்சன் நேரடியாகப் பதில் எழுதவில்லை. ஆனால் அவருடைய கடைசிப் பெருமுயற்சி ஒருவகையில் பதில்தான். 1820 முதல் இரண்டாம் உலகப் போர் முடியும் வரையிலான கொலைபாதகச் சண்டைகள் அத்தனையையும் ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்தினார். செத்தவர்களின் எண்ணிக்கையைப் பத்தின் அடுக்காக எடுப்பது முறை. ஒருவர் சாவது பூச்சியப் படி, பத்துப் பேர் ஒன்று, ஆயிரம் பேர் மூன்று, கோடி பேர் ஏழு. அதாவது தெருச் சண்டையில் விழுந்த ஒற்றைக் கொலையும் உலகப் போரும் ஒரே ஏணியின் இரு முனைகள். வரலாற்றாசிரியர்கள் முகம் சுளித்தார்கள்: கொலை குற்றம், போர் அரசியல், இரண்டையும் எப்படி ஒன்றாக வைப்பது? கொல்வது கொல்வதுதான் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவருக்கு அந்தப் பிரிவினை புரியவில்லை. கூட்டிப் பார்த்தபோது மொத்தச் சாவு சுமார் 5.9 கோடி வந்தது. அதில் இரண்டு உலகப் போர்களின் பங்கு சுமார் 3.6 கோடி. அடுத்த பெரும் பங்கு நடுத்தரப் போர்களுக்கு உரியதாக இல்லை. ஏணியின் அடிப்படியில் ஒன்று, இரண்டு என்று விழுந்த தனிக் கொலைகள் சேர்ந்து சுமார் 97 லட்சம்.

பதிப்பாளர் கிடைக்காததால் இந்த ஆய்வை அவர் நுண்படச் சுருளாகத் தன் செலவிலேயே வெளியிட்டார். அது புத்தகமாக வந்தது 1960-இல், அவர் 1953-இல் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து. பத்தடுக்கு அளவுகோலை அவர் தேர்ந்ததற்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. பழைய போர்களில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. ஒரு நூலில் நாலாயிரம் என்றிருக்கும், இன்னொன்றில் எட்டாயிரம். படிகளை ஒன்றொன்றாக, இருபுறமும் அரைப்படி தாராளம் விட்டு அமைத்தால் மூன்று மடங்கு வரையிலான பிசகை அந்த அளவுகோல் தாங்கிக்கொள்ளும். பெரும்பாலான போர்கள் எந்தப் படியில் வரும் என்பதில் நூலாசிரியர்களிடையே தகராறு இருக்காது.